நிற்குமிடம் அறிந்த கதிர்

ஆனந்த குமாரசுவாமி என்றதும் நம்மிற் பலருக்கு நடராசர் திருவுருவமே நினைவுக்கு வரும். சிவநடனத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு எடுத்துரைத்தவர், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் செய்தவர் என்றெல்லாம் அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம், படிப்பித்தும் வருகிறோம். ஆனால் கலைக்கு வருமுன் அவர் சுத்தியலும் கையுமாக இலங்கையின் மலைகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் கல் தேடித் திரிந்தவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. இந்த வாரம் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மூளையின் இரத்தக்குழாய்க் கோளாறு ஒன்றுக்குத் துணிக்கைக் கற்றையாற் செய்யப்படும் சிகிச்சையின் வரலாறு. இலக்கியத் தொடரில் இதற்கென்ன இடம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். குமாரசுவாமியின் கல்லிலிருந்து தொடங்கினால் அந்தக் கேள்வி அத்தனை கடுமையாகத் தோன்றாது என நம்புகிறேன்.

சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான அவர், இலண்டனிற் புவிச்சரிதவியல் பயின்று திரும்பி, இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். 1904ஆம் ஆண்டில், பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கற் சரளையில் கிடைத்த ஒரு கனிப்பொருள் அவர் கவனத்தை ஈர்த்தது. கறுப்பு நிறம், கனசதுர வடிவம், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய பாரம். அது இலண்டனுக்கு அனுப்பப்பட்டு ஆராயப்பட்டது. பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு, ஓரளவு யுரேனியம். உலகுக்கு அதுவரை தெரியாத புதிய கனிப்பொருள் அது. தோரியனைற்று எனப் பெயரிட்டார்கள்.

அந்தக் கல் போய்ச் சேர்ந்த கைகளைப் பாருங்கள். இலண்டனில் வில்லியம் றாம்சேயின் ஆய்வுகூடத்துக்கு ஆங்கிலம் பழகவென்று வந்திருந்த ஓர் இளம் ஜேர்மன் இரசாயனவியலாளரிடம், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பைக் கொடுத்து, அதிலுள்ள இரேடியத்தைப் பிரித்தெடுக்கும்படி றாம்சே சொன்னார். அவர் பிரித்தபோது எதிர்பாராத இன்னொரு கதிரியக்கப் பொருளும் அகப்பட்டது. 1905இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். அந்த இளைஞர் ஒட்டோ ஹான். தொழிற்சாலை வேலைக்குப் போகவிருந்தவரைக் கதிரியக்க ஆராய்ச்சிக்குத் திருப்பியது அந்தக் கண்டுபிடிப்புத்தான். 1938இல் ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து யுரேனியக் கரு பிளவுபடுவதைக் கண்டவரும் இவரே. அதன் பின் உலகம் எங்கு போயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தோரியனைற்றைச் சூடாக்கினால் ஈலியம் வாயு தாராளமாக வெளிவரும். கல்லுக்குள் வாயு எப்படி வந்தது? கதிரியக்கப் பொருள்கள் உமிழும் அல்பாத் துணிக்கை என்பது ஈலியம் அணுவின் கருவே. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கல்லுக்குள் உமிழப்பட்ட துணிக்கைகள், புறப்பட்ட இடத்திலிருந்து மிகச் சிறு தூரம் ஓடி, அங்கேயே நின்று, அங்கேயே ஈலியமாகச் சிறைப்பட்டுக் கிடந்தன. இந்த 'ஓடி நிற்றல்' என்ற சங்கதியை நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வருவதெல்லாம் அதன் மேற்றான் நிற்கிறது.

குமாரசுவாமி கல்லைக் கண்ட அதே 1904இல், அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் வில்லியம் பிறாக் என்ற பேராசிரியர் அல்பாத் துணிக்கைகளை ஆராயத் தொடங்கினார். 1886இல் அங்கு வந்தவர், பதினெட்டு ஆண்டுகள் பெரும்பாலும் படிப்பித்தலிலேயே கழித்திருந்தார். ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க பெரிய வேலை எதையும் செய்யவில்லை. ஆராய்ச்சியில் இறங்கியபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆசிரியர்களுக்கு ஆறுதலான செய்திதான்.

பிறாக்கும் அவரது துணைவர் கிளீமனும் கண்டது இதுதான். எக்ஸ் கதிர் ஒரு பொருளுக்குட் புகுந்தால், திரைச்சீலைகள் பலவற்றை ஊடுருவும் வெளிச்சம்போலப் படிப்படியாக மங்கிக்கொண்டே போகும். முற்றாக நிற்குமிடம் என ஒன்று அதற்கில்லை. துணிக்கையோ அப்படியன்று. அதற்கு ஒரு வீச்செல்லை உண்டு. வேகமாக ஓடும்போது வழியில் உள்ளவற்றை அதிகம் தாக்காமற் செல்கிறது. வேகம் குறையக் குறைய ஒவ்வோர் அணுவின் அருகிலும் கூடுதலான நேரம் தங்கிக் கூடுதலாகச் சேதம் விளைக்கிறது. முடிவில், நிற்பதற்குச் சற்று முன், மிச்சமிருக்கும் சக்தியின் பெரும்பகுதியை ஒரே இடத்தில் கொட்டிவிட்டு ஓய்கிறது. திருவிழா வாணம் மேலே போகும்போது ஒரு கோடாகத் தெரிந்து, உச்சியில் பூவாக விரிகிறதல்லவா? ஏறக்குறைய அதுபோல. இதைப் 'பிறாக் உச்சி' என்கிறார்கள்.

இனி நோய்க்கு வருவோம். இதயத்திலிருந்து புறப்படும் நாடிகளில் இரத்தம் பேரமுக்கத்துடன் பாய்கிறது. நாடிகள் மயிர்த்துளைக் குழாய்களாகப் பிரிந்து, அங்கே அமுக்கம் தணிந்து, பின்னர் மெல்லிய சுவருடைய நாளங்கள் வழியே இரத்தம் திரும்புகிறது. குளத்து மதகுக்கும் வயலுக்குமிடையே வாய்க்கால்கள் செய்யும் வேலையை மயிர்த்துளைக் குழாய்கள் செய்கின்றன. சிலருக்கு மூளையின் ஒரு பகுதியில் இந்த வாய்க்கால் அமைவதில்லை. நாடி நேரே நாளத்திற் கொட்டுகிறது. அந்த இடத்திற் குழாய்கள் சிக்கலாகப் பின்னிப் பெருத்து, ஒரு முடிச்சுப்போல ஆகின்றன. இதை நாடி-நாளப் பின்னல் எனலாம். பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. சிலருக்கு வலிப்பு, சிலருக்குத் தலையிடி. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேரளவில் குழாய் வெடித்து மூளைக்குள் குருதி பெருகுகிறது. பெரும்பாலும் இளவயதினரிடமே இது வெளிப்படுகிறது. மேற்பரப்பில் உள்ள சிறு பின்னலைச் சத்திரசிகிச்சையால் எடுத்துவிடலாம். பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய பகுதிகளுக்குள்ளோ, ஆழத்திலோ இருந்தால் கத்தி போகும் வழியே நோயைவிடக் கேடாகிவிடும்.

இப்பின்னலை உயிரோடிருக்கும் ஒருவரின் தலைக்குள் காண்பதற்கு வழி செய்தவர் போர்த்துக்கல் வைத்தியர் எகாஸ் மொனிஸ். 1927இல் நாடிக்குள் ஒரு திரவத்தைச் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படத்தில் மூளையின் குழாய்களைக் காட்டினார். சில ஆண்டுகளில் அதற்கு அவர் தோரோட்ராஸ்ட் என்ற திரவத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். படம் மிகத் தெளிவாக விழுந்தது. நோயாளிக்கு உடனடி உபாதையும் இல்லை. உலகமெங்கும் வைத்தியர்கள் அதை விரும்பி ஏற்றனர். அது வேறொன்றுமல்ல, தோரியம் ஒட்சைட்டு. குமாரசுவாமியின் கல்லில் பெரும்பகுதியாக இருந்த அதே சேர்வை. உடலை விட்டு அது வெளியேறுவதில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி, அல்பாத் துணிக்கைகளை ஆயுள் முழுவதும் உமிழ்ந்துகொண்டிருக்கும். தசைக்குள் அத்துணிக்கை ஓடுவது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குகூட இல்லை. ஓடிய அந்தச் சிறு தூரத்துக்குள் அத்தனை சக்தியையும் கொட்டிவிடுகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஈரற் புற்றுநோயாக அது வெளிவந்தது. 1950களில் இத்திரவம் கைவிடப்படுமுன் எத்தனையோ பேருக்கு ஏற்றப்பட்டாயிற்று. மூளையைக் காட்டிய பொருள் ஈரலை அழித்தது. நிற்குமிடத்தை மனிதர் தீர்மானிக்காமல், பொருளே தீர்மானித்ததன் விளைவு இது.

நிற்குமிடத்தை நாமே தீர்மானிக்கலாம் என்று முதலில் எழுத்தில் வைத்தவர் றொபேட் வில்சன் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர். இவர் யார்? அணுகுண்டு செய்த லொஸ் அலமோஸில் சைக்கிளோத்திரன் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் முதற் சைக்கிளோத்திரன் 1943இல் குண்டு வேலைக்காகக் கழற்றி அங்கு கொண்டு செல்லப்பட்டது. யுத்தம் முடிந்ததும் ஹாவார்டுக்குப் புதியதொன்றைத் திட்டமிடும் பொறுப்பு வில்சனுக்கு வந்தது. அதற்கிடையில், 1946இல், கதிரியல் சஞ்சிகை ஒன்றில் வேகப் புரோத்தன்களின் மருத்துவப் பயன் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். புரோத்தனுக்கு ஏற்ற வேகத்தைக் கொடுத்தால் உடலுக்குள் வேண்டிய ஆழத்திற் போய் நிற்கும், அதற்கப்பால் போகாது, ஆகவே நோயுள்ள இடத்தில் மட்டும் பெருந்தாக்கத்தை விளைக்கலாம் என்பதே அதன் சாரம். ஹிரோஷிமாவுக்கு அடுத்த ஆண்டு, குண்டு செய்தவர்களுள் ஒருவர் எழுதியது என்பதை மறந்து அதைப் படிக்க என்னால் முடியவில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு துணிக்கைக்கு வேகம் ஏற்றுவதை நாம் இலங்கையில் 'ஆர்முடுகல்' என்கிறோம், தமிழ்நாட்டில் 'முடுக்கம்'. நாம் 'துணிக்கை' என்பதை அவர்கள் 'துகள்' என்பார்கள். இரண்டும் நல்ல தமிழே. நோயாளி ஒருவர் கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகும்போது மட்டும் இந்த வேறுபாடு சிறிது இடறுகிறது.

கலிபோர்ணியாவின் பேர்க்லியில், சைக்கிளோத்திரனைக் கண்டுபிடித்த ஏணஸ்ட் லோறன்ஸின் சகோதரர் ஜோன் லோறன்ஸ் வைத்தியர். அவரும் தோபையஸும் சேர்ந்து 1954இல் முதன்முறையாக நோயாளருக்குப் புரோத்தன் கற்றையைப் பயன்படுத்தினார்கள். மார்புப் புற்றுநோய் பரவிய பெண்களின் கபச்சுரப்பியை அடக்குவதற்காக. சுவீடனில் லார்ஸ் லெக்செல் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் 1951இலேயே 'கதிர்ச் சத்திரசிகிச்சை' என்ற எண்ணத்தையும் பெயரையும் தந்திருந்தார். அவரும் லார்சன் என்ற பௌதிகவியலாளரும் உப்சாலாவில் புரோத்தனைப் பரீட்சித்தனர். ஆனால் இவ்விரு இடங்களிலும் மூளைக்குள் துணிக்கையை நிறுத்தவில்லை. பல திசைகளிலிருந்தும் ஊடுருவவிட்டு, கோடுகள் சந்திக்குமிடத்தில் தாக்கத்தைக் கூட்டினார்கள். நிறுத்துவதென்றால் தோல், எலும்பு, மூளை என எத்தனை தடிப்பைக் கடக்கிறது என்பது மில்லிமீற்றர் கணக்கில் தெரிய வேண்டும். தலைக்குள் பார்க்கும் சீ.ரீ. ஸ்கான் 1970களில் வந்தது. அதற்கு முன் அது இலேசான காரியமல்ல.

அந்தத் துணிவு பொஸ்ரன் நகரிலிருந்து வந்தது. ஹாவார்டின் புதிய சைக்கிளோத்திரன் 1949இல் இயங்கத் தொடங்கியது. அதன் புரோத்தன் நீரில் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் ஆழம்வரை செல்லும். ஒரு தலையின் எந்த மூலையையும் எட்டுவதற்கு அது போதும். மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையின் றேமண்ட் கெல்பேர்க் 1961 முதல் நோயாளரை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள அந்தப் பௌதிக ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்றார். மண்டையோட்டை ஒரு சட்டத்திற் பொருத்தி, எக்ஸ் கதிர்ப் படத்தில் அளந்து, கற்றையின் உச்சியைக் குறித்த இடத்தில் விழச்செய்தார். 1965இல் முதலாவது நாடி-நாளப் பின்னலுக்கு அதைப் பயன்படுத்தினார். குமாரசுவாமி 1917 முதல் 1947இற் காலமாகும்வரை பணியாற்றிய நுண்கலை அரும்பொருட்சாலையும் அதே பொஸ்ரனில்தான் இருக்கிறது. இதற்கு ஒரு பொருளும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் தமிழ் படிப்பிக்கும் ஒருவனால் அதைச் சொல்லாமலிருக்க முடியாது.

கற்றை பட்டதும் பின்னல் மறைந்துவிடுவதில்லை. குழாயின் உட்சுவர்க் கலங்கள் காயப்படுகின்றன, ஆறும்போது சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது, ஈற்றில் அடைபட்டுப் போகிறது. காயம் ஒரு நாளில், அடைப்போ இரண்டு மூன்று ஆண்டுகளில். அதுவரை வெடிக்கும் அபாயம் அப்படியே இருக்கிறது.

கொலன்னாவையில் எண்ணெய்க் குதங்களுக்குச் சற்று அப்பால் வசிக்கும் ஒரு தாய் சில ஆண்டுகளுக்கு முன் இதே விடயத்தை என்னிடம் கேட்டார். அவரது மகன் என்னிடம் படித்தவன். தலைக்குள் ஒருமுறை குருதி பெருகி, கொழும்பில் உயிர் பிழைத்து, சென்னைக்குப் போகும்படி சொல்லப்பட்டிருந்தான். அங்கிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை வாசித்துச் சொல்லவே என்னைக் கூப்பிட்டார்கள். வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்: "ஒரு மணித்தியால வேலை எண்டு சொல்லுறாங்கள் சேர். பிறகேன் மூண்டு வருஷம் பயந்துகொண்டிருக்க வேணும்?"

கெல்பேர்க்கின் நோயாளரும் இதையேதான் கேட்டிருப்பார்கள். 1983இல் அவர் 75 பேரின் கதையை வெளியிட்டார். முதற் பன்னிரண்டு மாதங்களுக்குள் இருவர் குருதிப்பெருக்கால் இறந்தனர். அதன் பின்னர் உயிரையோ உடலையோ பெரிதும் பறிக்கும் குருதிப்பெருக்கு எவருக்கும் நிகழவில்லை. ஆனால் பின்னல் முற்றாக மூடியது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரிடம் மட்டுமே. கெல்பேர்க் அளவுக்கு மிஞ்சிய பக்குவத்துடன் குறைந்த அளவு கதிரையே கொடுத்தவர். நல்ல மூளைக்குக் கேடு வரக்கூடாதென்பது அவரது கவலை. பாதி மூடிய பின்னலும் ஓரளவு காக்கும் என்று அவர் நம்பினார். ஏனையோர் அதை ஏற்கவில்லை. மூடாத குழாய் வெடிக்கவே செய்யும் என்றார்கள். பிற்காலத்து அனுபவம் அவர்கள் பக்கமே சாய்ந்தது. எனினும், பயந்து குறைத்துக் கொடுத்தவரை நான் குறைசொல்லத் துணியமாட்டேன். தோரோட்ராஸ்ட் செய்த வேலையைக் கண்ணாற் கண்ட தலைமுறை அது.

பேர்க்லியில் ஜேக்கப் பாப்ரிகன்ற் 1980 முதல் ஈலியக் கருக்களைப் பயன்படுத்தினார். தோரியனைற்றுக்குள் சிறைப்பட்டுக் கிடந்த அதே துணிக்கை, பெரும் ஆர்முடுகல் பெற்று. 1990இல் 86 பேரின் பெறுபேறு வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளின் பின் படம் எடுத்துப் பார்த்தபோது, நான்கு கனசென்ரிமீற்றருக்குட்பட்ட சிறு பின்னல்கள் அனைத்தும் மூடியிருந்தன. இருபத்தைந்துக்கு மேற்பட்ட பெரியனவற்றில் நூற்றுக்கு எழுபது. விலையும் இருந்தது. பத்துப் பேருக்கு நரம்புக் கோளாறு பெரிதாக ஏற்பட்டது. அவர்களுள் எட்டுப் பேருக்கு அது நிரந்தரமாயிற்று. வேறு பத்தளவினருக்கு, காத்திருந்த காலத்தில் மீண்டும் குருதி பெருகியது.

இதற்கிடையில் லெக்செல் வேறு வழியிற் போய்விட்டார். சைக்கிளோத்திரன் கட்ட ஒரு மாளிகை வேண்டும், பௌதிகவியலாளர் கூட்டம் வேண்டும். அவர் 179 கோபால்ற்று மூலங்களை ஒரு கவசத்துக்குள் வைத்து, எல்லாக் காமாக் கதிர்களும் ஒரே புள்ளியிற் சந்திக்கும்படி ஓர் இயந்திரத்தை 1968அளவிற் செய்தார். 1970இல் ஸ்டொக்ஹோமில் லடிஸ்லாவ் ஸ்டெய்னர் அதைக்கொண்டு முதலாவது நாடி-நாளப் பின்னலுக்குச் சிகிச்சை செய்தார். காமாக் கதிருக்கு நிற்குமிடம் கிடையாது. ஆனால் வைத்தியசாலையின் ஓர் அறைக்குள் அடங்கும். மிகச் சிறிய பின்னலுக்குப் புரோத்தனின் அனுகூலமும் அவ்வளவு பெரிதல்ல. ஆகவே இன்று உலகில் பெரும்பாலான நோயாளருக்குக் கிடைப்பது காமாக் கதிரோ, அதையொத்த எக்ஸ் கதிரோதான். துணிக்கைக் கற்றை, பெரிய பின்னல்களுக்காகச் சில நிலையங்களிற் பயன்பட்டு வருகிறது. ஹாவார்ட் சைக்கிளோத்திரன் 9000க்கும் மேற்பட்ட நோயாளரைக் கண்டபின் 2002இல் நிறுத்தப்பட்டது.

நமக்கு அருகில், சென்னையில், கருவிச் சட்டத்தைத் தலையிற் பொருத்தி மூளையின் ஆழத்தை அளந்து எட்டும் கலையை 1960களிலேயே இராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கல்யாணராமன் ஆகியோர் வளர்த்தெடுத்தனர். அவர்கள் பயன்படுத்தியது கற்றையல்ல, ஊசி. ஆயினும் சட்டமும் அளவும் ஒன்றுதான். அதே நகரின் தரமணியில் 2019 ஜனவரியில் அப்பலோ குழுமத்தின் புரோத்தன் நிலையம் திறக்கப்பட்டது, தென்னாசியாவின் முதலாவது. அங்கே பெரும்பாலும் புற்றுநோய்க்கே சிகிச்சை நடைபெறுகிறது. இலங்கையில் இத்தகைய நிலையம் இல்லை.

இன்னொரு திருப்பமும் உண்டு. ஒருபோதும் வெடிக்காத பின்னலைத் தொடவே வேண்டுமா என்ற கேள்வியுடன் பல நாடுகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. 223 பேரைச் சீட்டுப்போட்டதுபோல இரு கூறாக்கி, ஒரு கூறுக்குச் சத்திரசிகிச்சை, கதிர் முதலிய தலையீடுகள். மற்றக் கூறுக்கு மருந்து மட்டும். 2013இல் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். சராசரி 33 மாதங்களில், தலையீடு பெற்றவர்களுள் நூற்றுக்கு 30 பேரளவிலும், மருந்து மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்குப் 10 பேரளவிலும் பாரிசவாதத்துக்கோ மரணத்துக்கோ ஆளாகியிருந்தனர். ஆயுள் முழுவதும் இருக்கும் நோயை மூன்று ஆண்டில் அளந்து தீர்ப்புச் சொல்லலாமா என்று இதை மறுப்போரும் பலர். கதிர் பலன் தருவதற்கே மூன்று ஆண்டுகள் வேண்டுமே என்கிறார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனாலும் வெடிக்காத பின்னல் உள்ள ஒருவரிடம் 'உடனே செய்துவிடுங்கள்' என்று அயலவர்கள் நெருக்குவது சரியல்ல என்பதற்கு இந்த எண்கள் போதும்.

என் மாணவனுக்கு ஏற்கெனவே வெடித்திருந்தது. ஆகவே அந்தத் தயக்கத்துக்கு இடமிருக்கவில்லை. ஆழத்திலிருந்த சிறு பின்னல். காமாக் கதிர் போதுமென்றார்கள். தாயின் கேள்விக்கு, காயம் ஆறித் தழும்பு தடிப்பதற்கு எடுக்கும் காலம் அது என்று மட்டும் சொன்னேன். முழங்காலில் விழுந்த காயத்துத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு கொப்பித் தாளைக் கொண்டுவந்து, எந்தெந்த மாதத்தில் படம் எடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். மூன்று ஆண்டுகளுக்கும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு படங்கள் எடுத்தாயிற்று. இரண்டாவதில் பின்னல் பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. மூன்றாவது, வரும் வைகாசியில்.